உண்ண மறுக்கும் பாம்பு: காட்டில் பிடிபட்ட பாம்புகளுக்கு இரையூட்டிய வரலாறு

1891-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தென் வியட்நாமின் பாக் லியூ அருகே ஒரு கிராமத்துக்குள் வெள்ளத்தோடு நாகப்பாம்புகள் புகுந்தன. நாற்பது பேர் கடிபட்டனர், நால்வர் இறந்தனர். உள்ளூர்ப் பாம்பாட்டி ஒருவர் பிடித்த 19 நாகங்களைப் பீப்பாயில் அடைத்து, சைகோனில் புதிதாகத் தொடங்கியிருந்த பாஸ்டர் ஆய்வகத்துக்கு அனுப்பி வைத்தனர். அங்கே இயக்குநராக இருந்த ஆல்பெர் கால்மெட் என்ற இளம் மருத்துவர் அந்தப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு தொடங்கிய ஆய்வுதான், சில ஆண்டுகளில் பாம்புக்கடிக்கான நச்சுமுறி மருந்தாக முடிந்தது.

நச்சுமுறி மருந்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குதிரைகளையும் ஊசிக்குழல்களையும் பற்றிப் பேசுவார்கள். பாம்புகள் என்ன சாப்பிட்டன என்ற கேள்வி அவற்றில் அரிதாகவே வரும். ஆனால் நஞ்சு உயிருள்ள பாம்பிலிருந்து எடுக்கப்படுவது. மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டுமென்றால் பாம்பு உயிரோடு இருக்க வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்த பாம்போ பெரும்பாலும் இரையைத் தொடுவதில்லை. எலியைக் கூண்டுக்குள் விட்டால் மூலையில் சுருண்டுகொள்ளும், அல்லது சீறும். சில வேளை எலிதான் பாம்பைக் கடித்துக் குதறிவிடும். நச்சு ஆய்வகம், விலங்குக்காட்சி சாலை, செல்லப்பிராணிச் சந்தை என்று பாம்பை அடைத்து வைத்த எல்லா இடங்களிலும் இந்தச் சிக்கல் எழுந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அதை வயிற்றின் சிக்கலாகவே பார்த்தார்கள்.

புனலும் கழியும்

கால்மெட் பின்னர் பிரான்சின் லீல் நகரில் பாஸ்டர் ஆய்வகத்தை நடத்தியபோது கையாண்ட வழி நேரடியானது. ஒருவர் பாம்பின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அதன் தொண்டைக்குள் கண்ணாடிப் புனலின் குழாயை இறக்கி, உடைத்த முட்டையை ஊற்றுவார். பிறகு கழுத்தை மெல்ல நீவி முட்டையைக் கீழே இறக்குவார். உண்ணாத பாம்புக்கு உணவு போய்ச் சேர்ந்தது, நஞ்சும் கிடைத்தது. 1901-இல் விட்டல் பிரேசில் என்ற மருத்துவரின் தலைமையில் சாவோ பாவ்லோவில் தொடங்கிய புட்டான்டான் ஆய்வகம் வேறு வகையில் ஈடுகட்டியது. விவசாயிகள் பாம்புகளைப் பிடித்து மரப்பெட்டியில் ரயிலேற்றி அனுப்பினால், பதிலுக்கு நச்சுமுறி மருந்து கிடைக்கும். இறக்கும் பாம்புகளின் இடத்தைப் புதியவை நிரப்பிக்கொண்டே இருந்தன.

காட்சிசாலைகளின் நிலை இதைவிடச் சங்கடமானது. அங்கே பாம்பு உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். லண்டன் விலங்குக்காட்சி சாலை 1849-இல் ஊர்வனவற்றுக்கென்றே தனிக் கட்டடம் திறந்தது. உலகில் அதுவே முதலாவது. அது திறந்த சில ஆண்டுகளுக்குள் நடந்த ஒரு நிகழ்ச்சி இன்றுவரை பாம்பு நூல்களில் சொல்லப்படுகிறது. முயலை நோக்கிப் பாய்ந்த பெரிய பாம்பு ஒன்று குறி தவறித் தன் கூண்டில் கிடந்த கம்பளிப் போர்வையைப் பற்றியது. பற்றியதை விடாமல் முழுப் போர்வையையும் விழுங்கியது. பல வாரங்கள் கழித்து அதைக் கக்கியது. இதைக் கேட்டவர்கள் பாம்பின் முட்டாள்தனத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். உண்மையில் இந்த வேடிக்கைக் கதையில் ஒரு தடயம் இருந்தது. கண்ணெதிரே இருக்கும் நல்ல இரையை மாதக்கணக்கில் புறக்கணிக்கும் உயிரினம், வேட்டைக்கான தூண்டுதல் ஒருமுறை தொடங்கிவிட்டால் கம்பளியைக்கூட விழுங்கும். அப்படியென்றால் பாம்பு எதை இரை என்று அறிகிறது? அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.

அதே காட்சிசாலைக்கு வந்த ராஜநாகம் இன்னொரு தடயத்தைக் கொடுத்தது. ஆல்பர்ட் குந்தர் 1864-இல் இந்தப் பேரினத்துக்கு இட்ட பெயருக்கே ‘பாம்புண்ணி’ என்றுதான் பொருள். லண்டனில் அதற்கு எலியோ முயலோ வேண்டியிருக்கவில்லை. இங்கிலாந்தின் புல்வெளிகளில் பிடிபடும் சாதாரணப் பாம்புகளே இரையாயின. குளிர்காலத்தில் அந்தப் பாம்புகள் மண்ணுக்குள் உறங்கப் போய்விடும். அப்போது ராஜநாகத்துக்கு இரை தேடுவதே பணியாளர்களுக்குப் பெரும்பாடு. காட்டில் சாரைப்பாம்பைத் தின்று வளரும் ராஜநாகத்துக்கு இங்கிலாந்துப் பாம்பு பிடித்திருக்கிறது, முயல் பிடிக்கவில்லை. இதை விளங்கிக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. மலைப்பாம்பு எலியை மறுத்தபோது மட்டும் அதைப் பிடிவாதம் என்றார்கள்.

நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக்காட்சி சாலை 1899-இல் திறந்தது முதல் அதன் ஊர்வனப் பிரிவைக் கவனித்தவர் ரேமண்ட் டிட்மார்ஸ். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த பெரிய மலைப்பாம்புகள் அங்கே மாதக்கணக்கில் உண்ணாமல் கிடந்தன. பணியாளர்கள் வரிசையாக நின்று பாம்பை நீட்டிப் பிடித்துக்கொள்ள, நீண்ட கழியின் நுனியில் கட்டிய முயல்களை அதன் தொண்டைக்குள் தள்ளுவார்கள். இது பத்திரிகைகளுக்கு நல்ல படமாக அமைந்தது. பாம்புக்கு அது நல்லதாக அமைந்தது என்று சொல்ல முடியாது. கட்டாயமாகத் திணிக்கும்போது உணவுக்குழாய் கிழியலாம். திரவ உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் அழற்சி வரும். அஞ்சிய பாம்பு விழுங்கியதை அடுத்த நாளே கக்கிவிடும். கக்கும்போது ஏற்கெனவே உடலில் குறைந்திருந்த நீரும் சேர்ந்து வெளியேறும்.

இந்தியாவில் இதற்கு இணையான ஒரு வழக்கம் உண்டு. நாக பஞ்சமியின்போது பாம்பாட்டிகள் கொண்டுவரும் நாகங்கள் பால் குடிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பல நாள் நீரின்றி அடைத்து வைக்கப்பட்ட பாம்பு, கிடைத்த எந்தத் திரவத்தையும் குடிக்கும். பாலைச் செரிக்க அதன் வயிறு ஏற்றதன்று. தமிழ்நாட்டில் புற்றுக்கு ஊற்றும் பால் மண்ணுக்குத்தான் போகிறது; பாம்பைப் பொறுத்தவரை அது எவ்வளவோ மேல்.

நாக்கின் நுனியில் ஒரு விடை

டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813-இல் விலங்குகளின் மூக்கறைக்கு அருகே ஒரு சிறிய புலன் உறுப்பை விவரித்தார். பாம்புகளில் அது மேலண்ணத்தில், வாய்க்குள் திறக்கும் இரண்டு குழிகளாக உள்ளது. பாம்பு தன் பிளவுபட்ட நாக்கை நீட்டி, காற்றிலும் தரையிலும் உள்ள வேதித்துகள்களை எடுத்து வந்து அந்த உறுப்பில் சேர்க்கிறது. மலைப்பாம்பு, குழிவிரியன் போன்றவற்றின் முகத்தில் உள்ள குழிகள் வெப்பத்தை உணர்பவை என்பதை 1937-இல் நோபிள், ஷ்மிட் ஆகியோரும், 1952-இல் புல்லக், கவுல்ஸ் ஆகியோரும் சோதனைகள் மூலம் காட்டினர். இவ்வாறு பாம்பின் உலகத்தில் வாசனையும் வெப்பமும் கண்ணுக்கு நிகரான இடம் பெற்றன. பல இனங்களில் கண்ணை மிஞ்சிய இடம்.

ஆனால் இரை மறுப்புக்கு நேரடியான விளக்கம் வந்தது 1960-களில்தான். அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கார்டன் பர்கார்ட் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். அப்போதுதான் பிறந்த, இதுவரை எதையுமே உண்டிராத கார்ட்டர் பாம்புக் குட்டிகளின் முன் பஞ்சுக் குச்சிகளை நீட்டினார். ஒவ்வொரு குச்சியும் ஒவ்வொரு விலங்கின் உடலைக் கழுவிய நீரில் தோய்க்கப்பட்டது: மண்புழு, மீன், பூச்சி என்று. குட்டிகள் சில குச்சிகளைக் கண்டுகொள்ளவே இல்லை; சிலவற்றை நாக்கை வேகமாக நீட்டி நீட்டி ஆராய்ந்தன; சிலவற்றை வாயைத் திறந்து தாக்கின. எந்த இனப் பாம்பு காட்டில் எதை உண்ணுமோ, அதன் வாசனை உள்ள குச்சியையே அந்த இனக் குட்டி தாக்கியது. 1967-இல் வெளியான இந்த ஆய்வின்படி, இரையின் வாசனை பாம்புக்குக் கற்றுத் தெரிய வேண்டியதில்லை.

ஸ்டீவன் ஆர்னால்ட் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுசென்றார். கலிபோர்னியாவில் ஒரே இனக் கார்ட்டர் பாம்பு கடற்கரையோர ஈரக் காடுகளிலும் உள்நாட்டு ஏரிக்கரைகளிலும் வாழ்கிறது. கடற்கரையில் ஓடில்லா நத்தைகள் ஏராளம். அங்குள்ள பாம்புகளுக்கு அவையே முக்கிய உணவு. உள்நாட்டில் அந்த நத்தைகள் இல்லை. அங்கே தவளையும் மீனும்தான். இரு பகுதிகளிலிருந்தும் சினைப் பாம்புகளைக் கொண்டுவந்து ஆய்வகத்தில் குட்டி ஈன வைத்தார் ஆர்னால்ட். கடற்கரைத் தாயின் குட்டிகளில் பெரும்பாலானவை நத்தையை உண்டன. உள்நாட்டுத் தாயின் குட்டிகளில் பெரும்பாலானவை அதைத் தொடவில்லை, பட்டினி கிடந்தபோதும் தொடவில்லை. இரண்டுமே ஆய்வகத்தில் பிறந்தவை. எந்தக் காட்டையும் பார்த்தவை அல்ல. தாய் வாழ்ந்த ஊரின் உணவுப் பழக்கம் பிறவியிலேயே குட்டிக்கு வந்திருந்தது.

காட்டில் பிடிபட்ட பாம்புக்கு ஆய்வகத்து வெள்ளை எலியைக் காட்டிவிட்டு ‘பிடிவாதம் பிடிக்கிறது’ என்று சொல்வதில் உள்ள தவறு இங்கேதான் தெரிகிறது. மூடி திறந்த கூண்டு, அன்னிய ஒளி, சுற்றிலும் நடமாட்டம் ஆகியவற்றோடு, தன் முன்னோர் யாரும் அறியாத வாசனை ஒன்றும் அதன் முன் வைக்கப்படுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு

இந்த அறிவு காட்சிசாலைகளைவிட வேகமாகப் பயன்பட்டது செல்லப்பிராணி வளர்ப்போரிடம்தான். அதற்குக் காரணமாக அமைந்த பாம்பு பந்து மலைப்பாம்பு. செனகல் முதல் உகாண்டா வரை புல்வெளிகளிலும் வயல்களிலும் வாழும் இது, அஞ்சினால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும். பெயரும் அதனால் வந்தது. பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளம், கடிக்காத சுபாவம், குறைந்த விலை. கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பல்லாயிரக்கணக்கில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து எலியைப் போட்டார்கள். பாம்பு பந்தாகச் சுருண்டது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று அப்படியே கிடந்தது. பல அப்படியே இறந்தன.

பெனின் நாட்டின் உய்தா நகரத்து மலைப்பாம்புக் கோயிலில் இதே இனப் பாம்புகள் நெடுங்காலமாக வைத்துப் போற்றப்படுகின்றன. அங்கே இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை. பாம்புகள் இரவில் வெளியே போய்த் தாமே இரை தேட விடப்படுகின்றன. வீடுகளுக்குள் புகுந்தவற்றை ஊர்மக்கள் மரியாதையோடு எடுத்து வந்து கோயிலில் சேர்க்கிறார்கள்.

வளர்ப்போர் கண்டறிந்த முதல் செய்தி உணவைப் பற்றியதே அன்று, ஒளிவிடத்தைப் பற்றியது. பந்து மலைப்பாம்பு பகலெல்லாம் கொறிவிலங்குகளின் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கிடப்பது. கண்ணாடித் தொட்டிக்குள் மறைவில்லாமல் வைக்கப்பட்ட பாம்பு, தன்னையே இரையாக எண்ணி அஞ்சுகிறது. அஞ்சும் பாம்பு வேட்டையாடாது. உடல் இடுங்கிப் பொருந்தும் அளவில் இருண்ட பெட்டி ஒன்று, ஒரு பக்கம் சுமார் 31 அல்லது 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், குடிக்க நீர், ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடாத அமைதி ஆகியவற்றைக் கொடுத்த பிறகே இரையைக் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கு உருவானது. காட்டுப் பாம்பு உண்ணிகளோடும் குடற்புழுக்களோடும் வருவதால் மருத்துவரின் சோதனையும் அதற்கு முன்பே நடந்தாக வேண்டும்.

அடுத்து வாசனை. மேற்கு ஆப்பிரிக்க வயல்களில் இந்தப் பாம்பு உண்பவை அங்குள்ள காட்டெலிகளும் ஜெர்பில் எலிகளும். தமிழ்நாட்டு வயல்களில் வெள்ளெலி எனப்படுவது இந்த ஜெர்பில்களுக்கு உறவு. வெள்ளை ஆய்வக எலியை ஆறு மாதம் மறுத்த பாம்பு, செல்லப்பிராணிக் கடையில் விற்கும் மங்கோலிய ஜெர்பிலைக் கண்டதும் பாய்ந்து பிடித்ததைப் பலர் கண்டார்கள். ஜெர்பில் விலை கூடியது, எப்போதும் கிடைக்காதது. எனவே சாதாரண எலியை ஜெர்பிலின் படுக்கைத் துகளில் புரட்டி எடுத்து, உடல் சூடு இருக்கும்படி செய்து, இரவில் பெட்டியின் வாயில் வைத்துவிட்டு விலகிப் போனார்கள். காலையில் எலி இல்லை. சில வாரங்களில் வாசனையைப் படிப்படியாகக் குறைத்து, பாம்பை வெறும் எலிக்குப் பழக்கினார்கள். ராஜநாகம் வைத்திருக்கும் காட்சிசாலைகளும் இதே வழியில், எலியின்மீது பாம்பின் வாசனையை ஏற்றிக் கொடுக்கின்றன. கொன்று கொடுத்த இரையில் இன்னொரு நன்மையும் உண்டு: உண்ண மனமில்லாத பாம்பை எலி கடிக்காது.

இருந்தும் சில பாம்புகள் மசியவில்லை. அதற்கான காரணம் ஆப்பிரிக்காவிலிருந்தே வந்தது. லூக்கா லுய்செல்லி, பிரான்செஸ்கோ ஏஞ்சலிச்சி ஆகியோர் தென்கிழக்கு நைஜீரியாவில் காட்டுப் பந்து மலைப்பாம்புகளின் உணவை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். 70 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறிய பாம்புகள் பெரும்பாலும் பறவைகளையே உண்டிருந்தன. ஒரு மீட்டரைத் தாண்டியவை பாலூட்டிகளை உண்டிருந்தன. ஆண் பாம்புகள் மரங்களில் அதிகம் திரிந்து பறவைகளைப் பிடித்தன; பெண் பாம்புகள் தரையில் எலிகளைப் பிடித்தன. வளர்ப்போர் அதுவரை எல்லாப் பந்து மலைப்பாம்பையும் எலியுண்ணி என்றே எண்ணியிருந்தார்கள். எலியை விடாது மறுக்கும் சிறிய ஆண் பாம்பின்முன் ஒரு கோழிக்குஞ்சை வைத்துப் பார்க்கலாம் என்பதற்கு இப்போது காடே சான்று கொடுத்தது.

பட்டினியின் கணக்கு

எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்ற கேள்வி எஞ்சி நின்றது. புனலும் கழியும் கையில் எடுக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் பாம்பு செத்துவிடும் என்ற அச்சம். பாலூட்டியின் பசியை வைத்துப் பாம்பின் பசியை அளந்ததன் விளைவு அது. ஸ்டீபன் சீக்கர், ஜாரெட் டயமண்ட் இருவரும் 1990-களில் பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தனர். உண்ணாத காலத்தில் அவற்றின் குடல் சுருங்கி ஏறத்தாழ ஓய்ந்துவிடுகிறது. பெரிய இரையை விழுங்கிய ஓரிரு நாளில் வளர்சிதை மாற்றம் நாற்பது மடங்கு வரை உயர்கிறது. அதாவது செரித்தல் பாம்புக்குப் பெருஞ்செலவு பிடிக்கும் வேலை. நீர் வற்றி, உடல் குளிர்ந்து, மெலிந்து கிடக்கும் பாம்பின் தொண்டைக்குள் முயலைத் தள்ளுவது, அந்தச் செலவைத் தாங்க முடியாதவனின் தலையில் கடனைக் கட்டுவது.

மார்ஷல் மெக்கியூ 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பந்து மலைப்பாம்பு உள்ளிட்ட மூன்று இனப் பாம்புகள் சுமார் ஆறு மாதம் உணவின்றி வைக்கப்பட்டன. அவற்றின் ஓய்வுநிலை ஆற்றல் செலவு 72 விழுக்காடு வரை இறங்கியது. வியப்பானது, எடை குறைந்தபோதும் அவை நீளத்தில் வளர்ந்தன. மேலும், சினைப்பட்ட பெண் பாம்பும் இணைசேரும் காலத்து ஆண் பாம்பும் காட்டிலேயே மாதக்கணக்கில் உண்பதில்லை. எனவே இன்றைய நடைமுறையில் நாள்காட்டியைவிடத் தராசே முக்கியம். எடை நிலையாக இருக்கும்வரை காத்திருக்கலாம். வேகமாகக் குறைந்தால் மருத்துவர் தலையிடுவார். கட்டாய உணவூட்டல் ஒழிந்துவிடவில்லை, கடைசி வழியாகப் பின்னுக்குப் போயிற்று.

இதற்கிடையே சந்தையும் மாறியது. 1992-இல் அமெரிக்காவில் பாப் கிளார்க் வெண்ணிறப் பந்து மலைப்பாம்புகளை முதன்முதலாக அடைப்பிலேயே இனப்பெருக்கம் செய்த பிறகு, வண்ண வகைகளுக்கான வளர்ப்புத் தொழில் பெருகியது. அடைப்பில் பிறந்த குட்டிகள் பெரும்பாலும் சில வாரங்களில் எலியை ஏற்கின்றன. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து சுங்கத்துறை அவ்வப்போது கைப்பற்றும் பந்து மலைப்பாம்புகள் பலவும் இந்த வண்ண வகைகளே. மேற்கு ஆப்பிரிக்காவிலோ சினைப் பாம்புகளைப் பிடித்து முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குட்டிகளை ஏற்றுமதி செய்யும் முறை பரவியுள்ளது. ஆனால் காட்டில் பிடித்த பெரிய பாம்புகளின் வணிகம் முழுதும் நின்றுவிடவில்லை.

நான்கு வாரம்

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலுக்கு முற்றிலும் வேறான ஒரு தீர்வு கிடைத்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வணிகத்தை முடக்கியபோது, அதை நம்பியிருந்த இருளர்கள் வாழ்வாதாரம் இழந்தனர். 1978-இல் அவர்களுக்காக இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது; அதில் ராமுலஸ் விட்டேக்கருக்கு முக்கியப் பங்கு உண்டு. செங்கல்பட்டு வட்டாரத்தின் வயல்களிலும் புதர்களிலும் இருளர்கள் பிடிக்கும் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும், வடநெம்மேலியில் உள்ள சங்கத்தின் வளாகத்தில் வாய் துணியால் கட்டப்பட்ட மண்பானைகளில் வைக்கப்படுகின்றன. இந்தியாவின் நச்சுமுறி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலம் இங்கிருந்தே சென்றது.

லீலில் கால்மெட்டும் சாவோ பாவ்லோவில் பிரேசிலும் பாம்பை இறக்கும்வரை வைத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு பாம்பு வைக்கப்படுவது மூன்று, நான்கு வாரங்களுக்கு மட்டுமே. பாம்பின் உடல் எளிதாகத் தாங்கும் காலம் அது. மண்பானையின் இருளும் குளிர்ச்சியும் வளைக்குள் கிடப்பதற்கு ஒப்பானவை. வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு முறை நஞ்சு எடுத்த பிறகு, வயிற்றுப்புறச் செதில் ஒன்றின் ஓரத்தைக் கத்தரித்து அடையாளமிட்டு, பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த அடையாளத்தோடு மீண்டும் கையில் சிக்கும் பாம்பு, செதில் வளரும்வரை எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.